தும்பை ஏன் கேட்கவில்லை

ஆசை அண்ணனுக்கு,

உன் பாப்பா எழுதுறேன். நாப்பத்தி நாலு வயசுப் பொம்பளையை, அதுவும் ஒரு டீச்சரை, சந்தை நடுவுல நின்னு "ஏ பாப்பா, இங்க வா"ன்னு கத்திக் கூப்பிட உலகத்துலயே நீ ஒருத்தன்தான் இருந்தே. அப்பெல்லாம் மானம் போகுதுன்னு உன்மேல எரிஞ்சு விழுந்திருக்கேன். இப்போ காரிமங்கலம் சந்தைக்குப் போனா, பின்னாடி இருந்து யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு காது அலையுது. தக்காளியைப் பொறுக்கிக்கிட்டே நாலு தடவை திரும்பிப் பார்க்கிறேன்.

நீ போய் மூணு மாசம் ஆச்சு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம். உன் கொட்டாயிலதான் உக்காந்திருக்கேன். வெளியூர்க்காரங்க படிச்சா கொட்டாய்னா என்னான்னு கேட்பாங்க. வெள்ளாமைக் காட்டுக்குள்ளயே கட்டின வூடு, வேறென்ன. கரண்ட் இல்ல. இந்த வெயில்ல வத்தல்மலைக்கு அடிவாரமே கரைஞ்சு போயி, மேல்பாதி மட்டும் தனியா மிதக்குது. அண்ணி உள்ள கண் அசந்திருக்காங்க. உன் மக தும்பை மரவள்ளிக் காட்டுக்குள்ள எங்கயோ பாடிக்கிட்டுப் போறா. குரல் வருது, ஆளைக் காணோம்.

கொஞ்சம் முன்னாடி நானும் தூங்கிட்டேன் போலிருக்கு. நீ வந்தே. லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, ஜன்னலுக்கு வெளிய நின்னு, "என்ன பாப்பா, கை அரிக்குதா?"ன்னு கேட்டே. பதிலுக்கு நிக்காம அப்படியே மலைப்பக்கம் நடந்து போயிட்டே. உயிரோட இருக்கிறப்பவும் உனக்கு இதே வழக்கம்தான். கேள்வியைப் போட்டுட்டுப் போயிடுவே. முழிச்சுப் பார்த்தா மடியில அந்த ஃபாரம். பேனாவுக்கு மூடி போடல.

எந்த ஃபாரம்னு உனக்குத் தெரியும். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு. வருசா வருசம் கோடையில வூடு வூடா ஏறி இறங்கி, "உங்க வூட்டுல பள்ளிக்கூடம் போகாத புள்ள இருக்குங்களா?"ன்னு கேட்டு எழுதிக்கிட்டு வர்றது எங்க வேலை. செங்கல் சூளையில இருக்கிற புள்ள, மாடு மேய்க்கிற புள்ள, சித்தேரி மலையிலேர்ந்து வேலைக்கு இறங்கின குடும்பத்துப் புள்ள, ஒண்ணு விடாமத் தேடி எழுதியிருக்கேன். ஒரே ஒரு வூட்டுக்கு மட்டும் நேரா "பூட்டியிருந்தது"ன்னு எழுதிக்கிட்டு வந்தேன், ஆறு வருசமா. உன் வூடு. டீச்சரோட அண்ணன் மக பள்ளிக்கூடப் படியையே மிதிக்கலைன்னு என் கையாலயே எப்படி அண்ணா எழுதுவேன்?

இந்த வருசம் உன் வூட்டுப் படியும் ஏறி உக்காந்துட்டேன். பெயர் தும்பை, வயது பன்னெண்டு. அது வரைக்கும் எழுதியாச்சு. அடுத்தது 'காரணம்'. வறுமை, இடம்பெயர்வு, உடல்நலக் குறைவு, பெற்றோருக்கு விருப்பமில்லைன்னு கட்டம் கட்டமா வச்சிருக்காங்க. செத்துப்போன அண்ணனுக்குக் கொடுத்த வாக்குன்னு ஒரு கட்டம் இல்ல.

ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னியே, நினைவிருக்கா? "அவளா வாய் திறந்து கேட்கிற வரைக்கும் பள்ளிக்கூடத்துல சேர்த்துடாதே பாப்பா. நீ டீச்சரு. உனக்குக் கை அரிக்கும். சேர்த்துடாதே." நெஞ்சுல ஒயரெல்லாம் ஒட்டியிருந்த நேரத்துலயும் உனக்கு அந்த நக்கல் போகல. நான் சரின்னேன். ரெண்டு நாள்ல நீ போயிட்டே. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. இப்போ விட்டா இன்னொரு வருசம் போயிடும். அவ கேட்கல.

அவ ஏன் கேட்கலைங்கிறது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு உன் மக என்னைக் கேட்டுக்கிட்டா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுறேன்னா, அந்த நாலு பேர்தான் உன்னைக் கிறுக்கன்னு சொன்னவங்க. அதுல நானும் ஒருத்தி.

எங்கேருந்துதான் அந்தப் புத்தகத்தைப் பிடிச்சியோ! பெங்களூர்ல வேலையில இருந்தப்போ, எதோ பிளாட்பாரத்துப் பழைய புத்தகக் கடையில, முதுகு கிழிஞ்சு கிடந்ததைத் தூக்கிக்கிட்டு வந்தே. இருநூத்தம்பது வருசத்துக்கு முன்னாடி பிரான்சுல இருந்த ஒருத்தர் குழந்தை வளர்ப்பைப் பத்தி எழுதினது. டிக்சனரியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ரெண்டு வருசம் படிச்சே. குழந்தை நல்லாத்தான் பிறக்குது, கெடுக்கிறது நாமதான். அதை அவசரப்படுத்தாதே. கண்ணும் கையும் காலும்தான் அதுக்கு முதல் வாத்தியார். பன்னெண்டு வயசு வரைக்கும் புத்தகத்தைக் கண்ணுல காட்டாதே. அடிக்காதே, திட்டாதே, செஞ்ச காரியத்தோட பலனே அதுக்குப் பாடம் சொல்லட்டும். இதையெல்லாம் நீ சொல்லச் சொல்ல, எனக்கு உன் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு பயம்.

மக பிறந்ததும் வேலையை விட்டுட்டுக் கடத்தூர்ப் பக்கம் இந்தக் காட்டுக்கே வந்துட்டே. தும்பைன்னு பேரு வச்சப்பவே நான் உஷாராகியிருக்கணும். அஞ்சு வயசுல சிலேட்டும் ஒண்ணாம் வகுப்புப் புத்தகமும் வாங்கிக்கிட்டு வந்தேன் பாரு, அன்னைக்கு நீ அதைப் பரண்மேல தூக்கி வச்சுட்டு, "அவளுக்கு என்ன அவசரம் பாப்பா?"ன்னே. "அவளுக்கு இல்ல அண்ணா, ஊருக்கு அவசரம்"னேன். "அப்போ ஊரைச் சேர்த்துக்கோ உன் ஸ்கூல்ல"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சே. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல.

தொட்டித் தண்ணிக் கதையை மறக்க முடியுமா? ஏழு வயசுல அவ வால்வைத் திறந்து விட்டுட்டு விளையாடப் போயிட்டா. தொட்டித் தண்ணி பூராவும் காலி. அன்னைக்குன்னு பார்த்து மோட்டாரும் ரிப்பேரு. பக்கத்துக் காட்டுல கேட்டா ரெண்டு குடம் கொடுக்க மாட்டாங்களா? நீ கேட்க விடல. தண்ணி போனா என்ன ஆகும்னு அவளே தெரிஞ்சுக்கட்டும்னுட்டே. வூடே ரெண்டு நாள் குளிக்கல. தும்பை என்னமோ ஜாலியாத்தான் இருந்தா, குளிக்க வேண்டாம்னா எந்தப் புள்ளைக்குக் கசக்கும்? அண்ணிதான் வெடிச்சாங்க.

"ஏங்க, அவ செஞ்சதுக்கு நான் என்னாத்துக்குங்க நாறணும்? உங்க புஸ்தகத்துல அம்மான்னு ஒருத்தி இருக்காளா இல்லையா?"

அண்ணி கேட்டது சரிதான் அண்ணா. இயற்கை இயற்கைன்னு நீ சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே, அந்த இயற்கைக்குத் துணி துவைச்சது அண்ணி. சேத்துல விழுந்து எழுந்து வந்தா சேறு யாரு கையில போகும்? இதை நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும், சிரிச்சுக்கிட்டு விட்டுட்டேன்.

ஆனா ஒண்ணு. பொய் சொல்ல மாட்டேன். சில நாள் லீவுக்கு வந்து அவ பின்னாடியே இந்தக் காட்டுல நடந்து போவேன். அவ எங்கயோ நிப்பா, மூக்கைத் தூக்கி மோந்து பார்ப்பா, "மழை மலைக்கு அந்தாண்ட பெய்யுதுங்க அத்தை, இங்க வராது"ன்னுவா. வராது. சினை ஆட்டு வயித்துல காதை வச்சுக் கேட்டுட்டு ரெண்டுன்னுவா. ரெண்டுதான் போடும். அவ ஒரு தும்பியைப் பார்த்துக்கிட்டு நின்னா, பொழுது என்னமோ அவளுக்காக நின்னு காத்துக்கிட்டிருக்கிற மாதிரி எனக்குத் தோணும். மணி என்ன, பீரியட் என்ன, எதுவுமே அங்க இருக்காது. திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போனா, நாப்பது புள்ளைங்க பூவோட பாகத்தைப் படம் போட்டு மனப்பாடம் பண்ணிக்கிட்டிருக்கும். எனக்கு ரெண்டு மூணு நாளைக்குப் பாடமே ஓடாது. இதை உன்கிட்டச் சொல்லியிருந்தா நீ தலைகால் புரியாம ஆடியிருப்பே, அதான் சொல்லல.

நீ பெருமையாச் சொல்லிக்கிறது ஒண்ணு உண்டு. தண்டனையே இல்லாத வூட்டுல பொய்க்கு வேலை இல்ல, என் மகளுக்குப் பொய் சொல்லவே தெரியாதுன்னு. ஊரெல்லாம் சொன்னே. இரு, வர்றேன்.

போன பொங்கலுக்கு நாம போட்ட சண்டையை முதல்ல சொல்லிடறேன். அதுதான் என் தொண்டையில நிக்குது. உன் பிரெஞ்சுக்காரரைப் பத்தி போன்ல தேடிப் படிச்சுட்டு வந்து, சொந்தக்காரங்க எல்லாரும் உக்காந்து சாப்பிடறப்போ நான் போட்டு உடைச்சேன். "ஊருக்கெல்லாம் புள்ள வளர்க்கச் சொல்லிக் கொடுத்தாரே உங்காளு, தான் பெத்த புள்ளைங்களைக் கொண்டு போய் அனாதை ஆசிரமத்துல விட்டுட்டு வந்தாராம், தெரியுமா?" எல்லாரும் சிரிச்சாங்க. நீ சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "தப்பு பண்ணினவன்தான் பாப்பா அவ்ளோ தூரம் யோசிப்பான்"னே.

நான் விடுவேனா? உன் புத்தகத்துக்குக் கடைசிப் பக்கமெல்லாம் இல்லைன்னு எனக்குத் தெரியும். "கிழிஞ்சு போன பாகத்துலதான் பொம்பளைப் புள்ளைங்களைப் பத்தி எழுதியிருக்கார். இந்தச் சுதந்திரமெல்லாம் ஆம்பளைப் பையனுக்குத்தானாம். பொண்ணை ஆம்பளைக்குப் பிடிச்ச மாதிரி, அவன் மனசு கோணாம நடந்துக்கிற மாதிரிதான் வளர்க்கணுமாம். நீ இத்தனை வருசமா யாரோ ஒரு பையனுக்கு எழுதினதை வச்சு உன் பொண்ணை வளர்த்துக்கிட்டிருக்கே"ன்னேன். நீ எழுந்து கை கழுவப் போறப்போ, "அந்தப் பக்கம் கிழிஞ்சு கிடைச்சது என் மக பண்ணின புண்ணியம்"னு மட்டும் சொன்னே. அதுக்கப்புறம் ஒரு மாசம் நீ எனக்குப் போன் பண்ணல, நானும் பண்ணல. அடுத்து வந்த போன் அண்ணியோடது, ஆஸ்பத்திரியிலேர்ந்து. உன்னை நாலு பேர் முன்னாடி சிறுமைப்படுத்தினேன் அண்ணா. மன்னிச்சிடு. நேர்ல கேட்க எனக்குத் துப்பு இல்லாமப் போச்சு.

இப்போ ஒகேனக்கல்லுக்கு வர்றேன். மூணாம் நாள் உன்னைக் கரைக்கப் போனோம். கலயத்தைத் தும்பைதான் மடியில வச்சிருந்தா. பொம்பளைப் புள்ள எடுக்கிறதாவதுன்னு பெரியப்பா முணுமுணுத்தார். அண்ணி திரும்பி ஒரே ஒரு பார்வை பார்த்தாங்க, அவர் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு முன்னாடி நடந்துட்டார். மாசி மாசம், தண்ணி குறைச்சல்தான். ஆனா அருவிச் சத்தம் காதை அடைக்குது, சாரல் புகையா எழும்பி எல்லாத்தையும் மூடி மூடித் திறக்குது. மீன் வறுக்கிற வாசனை, எண்ணெய் தேய்ச்சு விடறவங்க கூப்பாடு, எல்லாம் எங்கயோ தூரத்துல நடக்கிறதாத்தான் எனக்கு இருந்துச்சு. நான் அழுதுக்கிட்டே தண்ணியில இறங்கினேன். எங்க இறங்கறேன்னே தெரியல. முழங்கால் நனைஞ்சது, தொடை நனைஞ்சது.

"அத்தை! அங்க போகாதீங்க! ஆழம்னு எழுதியிருக்கு!"

நின்னேன். முன்னாடி பாறையில சிவப்புப் பெயிண்டுல எழுதியிருந்துச்சு. அடுத்த அடி வச்சிருந்தா நானும் உன்கூடவே வந்திருப்பேன். அந்தப் பயம்கூட அப்போ எனக்கு வரல. 'எழுதியிருக்கு'ங்கிறதுதான் காதுல நின்னுச்சு. திரும்பிப் பார்த்தேன். தும்பை படியில நின்னுக்கிட்டு, ஒரு கையால வாயைப் பொத்திக்கிட்டிருந்தா.

தண்ணியை விட்டு ஏறி அவ பக்கத்துல போனேன். "உனக்குப் படிக்கத் தெரியுமா கண்ணு?"

கலயத்தை ரெண்டு கையாலயும் நெஞ்சோட இறுக்கிக்கிட்டா. தலை நிமிரவே இல்ல.

"அப்பாகிட்டச் சொல்லிடாதீங்க அத்தை."

அண்ணா, நீ அந்தக் கலயத்துக்குள்ளதான் இருந்தே.

அவளையும் அண்ணியையும் கூட்டிக்கிட்டுப் பரிசல்ல ஏறினேன். பரிசல்காரர் சுழி இல்லாத இடமாப் பார்த்துக் கொண்டு போனார். பரிசல் மெதுவாத் திரும்பத் திரும்பப் பாறையெல்லாம் எங்களைச் சுத்தி வந்துச்சு. அண்ணி கண்ணை மூடிக்கிட்டிருந்தாங்க, அருவிச் சத்தத்துல அவங்க காதுல எதுவும் விழல. தும்பை தண்ணியைப் பார்த்துக்கிட்டே, என்கிட்ட இல்ல, தண்ணிகிட்டச் சொல்ற மாதிரிச் சொன்னா.

"கடத்தூரு பஸ்சுலதாங்க அத்தை மொதல்ல. கடத்தூர்னு கண்டக்டரு கத்துவாரு, நான் போர்டைப் பார்ப்பேன். கம்பைநல்லூரு பஸ்சு வரும். அதுலயும் மொத எழுத்து அதேதான். காரிமங்கலத்துக்கும் அதேதான், ஆனா பக்கத்துல ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும். அப்புறம் தீவன மூட்டை. அப்புறம் செவுத்துல எழுதியிருக்கிறது. ஒம்போது வயசுல எல்லாம் வந்துருச்சு."

"அப்பாகிட்ட ஏன் சொல்லல? திட்டுவாருன்னா?"

"அப்பா எதுக்குங்க திட்டுவாரு?" அவளுக்கு நான் கேட்டதே புரியல. "நோட்டைப் படிச்சேங்க அத்தை."

எந்த நோட்டுன்னு உனக்கே தெரியும். தினமும் அவளைப் பத்தி எழுதி வச்சியே, அந்த நீள நோட்டு. இன்று ஆட்டுக்குட்டிக்குக் கால் பிசகியதைத் தானே கண்டுபிடித்தாள். இன்று பொழுது சாயும் திசை நகர்வதைக் கவனித்தாள். அதுக்கெல்லாம் கீழ, அடிக்கடி ஒரு வரி: எழுத்தைப் பற்றி இன்னும் கேட்கவில்லை, மிக நல்லது.

"அன்னைக்கு அப்பாவைக் கேட்கலாம்னுதான் இருந்தேன். செவுத்துல ஒரு பெரிய வார்த்தை, என்னான்னு தெரியல. நோட்டைப் பார்த்தேனா, விட்டுட்டேன். நான் கேட்காத அன்னைக்கெல்லாம் அப்பா நல்லதுன்னு எழுதுறாருங்க அத்தை. கேட்டா எப்படி நல்லதுன்னு எழுதுவாரு?"

மூணு வருசம், அண்ணா. பொய் சொல்லத் தெரியாத உன் மக மூணு வருசம் உனக்குப் படிக்கத் தெரியாத புள்ளையா நடிச்சிருக்கா. பயமே இல்லாத உன் வூட்டுல பயத்துக்கு யாரும் பொய் சொல்லலதான். ஆசைக்குச் சொல்லலாம்னு உனக்கு யாரும் சொல்லித் தரல, எனக்கும்தான். நீ அவளைப் பார்த்து எழுதினே, அவ நீ எழுதினதைப் பார்த்து நடந்தா. யாரு யாரை வளர்த்தாங்க சொல்லு? அந்தக் கிழிஞ்சு போன பக்கத்துல இருந்தது உன் கண்ணுலயே படல. ஆனாலும் உன் பொண்ணு ஒரு ஆம்பளை மனசு கோணக் கூடாதுன்னு தன்னை ஒளிச்சு வச்சுக்கிட்டா. அந்த ஆம்பளை நீ. இதை உன்னைக் குத்திக் காட்ட எழுதல.

பரிசல் நின்னுச்சு. அவதான் உன்னைக் கரைச்சா. கொஞ்ச நேரம் தண்ணிமேல வெள்ளையாப் படர்ந்து, நம்ம ஊர் விடியக்காலப் பனி மாதிரி நகர்ந்து, இல்லாமப் போயிட்டே.

அதுக்கப்புறம் இந்த மூணு மாசமா நான் வாயைத் திறக்கல. நீ கேட்டது அவ கேட்கணும்னு. அவ இந்த ஜென்மத்துல கேட்க மாட்டா, கேட்டா நீ நல்லதுன்னு எழுத மாட்டே. நீ போனப்புறமும் அவ அப்படித்தான் இருக்கா. அண்ணி என்கிட்ட வந்து, "பன்னெண்டு வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன் சாந்தி. எம்புள்ளைக்கு ஒரு கையெழுத்தாவது போட வரட்டும்"னு அழுதாங்க. அவங்ககிட்டயும் சொல்ல முடியல, அது தும்பை என்கிட்ட மட்டும் சொன்ன ரகசியம். இந்த வாரம் முழுக்க ராகி அரைக்கப் போனாலும், பஸ்சுல நின்னாலும் இதேதான். உனக்குக் கொடுத்த சொல்லா, உன் மகளா?

இன்னைக்குக் காலையிலதான் உன் ஆஸ்பத்திரிப் பையைத் திறந்தேன். மூணு மாசமா என் வூட்டு அலமாரிக்கு மேலயே கிடந்துச்சு, தொட மனசு வரல. துண்டு, கண்ணாடி, மாத்திரை அட்டை, அதுக்கடியில அந்த நோட்டு. ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கிட்டுப் போயிருக்கே, பைத்தியம். கடைசிப் பக்கம், கோணல் மாணலா: "பன்னிரண்டு முடிகிறது. இனி எந்த நாளிலும் கேட்டுவிடுவாள். தினமும் காலையில் இன்றைக்கா என்று பார்க்கிறேன். கேட்டால் எந்த வார்த்தையை முதலில் சொல்லித் தருவது என்று யோசித்து வைத்திருக்கிறேன்."

அதைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் பஸ் ஏறி இங்க வந்தேன். நீ அவ கேட்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தே. அவ நீ ஏமாந்து போகக் கூடாதுன்னு கேட்காம இருந்தா. ஒரே வூட்டுல, ஒரே தட்டுல சாப்பிட்டுக்கிட்டு. இதுல யாரை அண்ணா நான் திட்டறது?

இது வரைக்கும் எழுதிக்கிட்டிருக்கும்போதே அவ வந்துட்டா. காட்டுலேர்ந்து, காலெல்லாம் புழுதி, மடி நிறையப் புளியம்பழம். எதிர்ல உக்காந்து ஒண்ணொண்ணா ஓடு உடைச்சா.

"யாருக்குங்க அத்தை எழுதுறீங்க?"

"உங்க அப்பாவுக்கு."

கை நின்னுச்சு. "அதைச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் கண்ணு."

அவ மெதுவா, "அப்பா என்ன சொல்லுவாரு?"ன்னா. நான் நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவ மடியில வச்சேன். அவ விரலை வச்சு, உதட்டை அசைச்சு, ஒவ்வொரு சொல்லா, சத்தமாப் படிச்சா. ஒரு மனுசர் கேட்க உன் மக வாய்விட்டுப் படிச்சது இதுதான் முதல் தடவை. உள்ள அண்ணி எழுந்து உக்காந்தது எனக்குத் தெரிஞ்சுது. வெளிய வரல, கதவுக்கு அந்தாண்டயே நின்னுட்டாங்க. "யோசித்து வைத்திருக்கிறேன்"கிற சொல்லுக்கு வந்ததும் தும்பைக்குக் குரல் உடைஞ்சிடுச்சு. நீ போனதுலேர்ந்து அவ அழுததே இல்ல. இன்னைக்கு அழுதா, அண்ணி ஓடி வந்து மார்ல சாய்ச்சுக்கிட்டாங்க. நாங்க மூணு பேரும் அழுதோம், புளி பூராவும் தரையில கொட்டிக் கிடந்துச்சு.

அழுது ஓய்ஞ்சு மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, அவ என்னைக் கேட்டா.

"அத்தை, உங்க இஸ்கூலுக்கு வந்தா நான் கேள்வி கேட்கலாமா?"

"ஏன் கண்ணு இப்படிக் கேட்கிறே? தாராளமாக் கேட்கலாம்."

"இல்ல, ஒரு நாள் அம்மாகூட உங்களுக்கு மாங்காய் கொடுக்க வந்தேன். அம்மா ஆபீசு ரூமுல இருந்தாங்க. நான் உங்க கிளாசு ஜன்னலுக்கு வெளிய நின்னேன். ஒரு புள்ள எந்திரிச்சு, ஏன் டீச்சர்னு என்னமோ கேட்டுது. நீங்க உக்காருன்னு சொன்னீங்க. அது உக்காந்துருச்சு. அப்புறம் அது கேட்கவே இல்ல."

எந்தப் புள்ளை, என்ன கேள்வின்னு எனக்கு ஞாபகமே இல்ல அண்ணா. எனக்கு அது ஒரு நாள் மட்டும் இல்ல, எல்லா நாளும்தான். இருபது வருசமா என் வாய் அதிகமாச் சொன்ன வார்த்தை அதுவாத்தான் இருக்கும். புள்ள கேட்காததுக்கு நீ நல்லதுன்னு எழுதினே, புள்ள கேட்டதுக்கு நான் உக்காருன்னேன். நம்ம ரெண்டு பேர்ல யாரு பெரிய கெட்டிக்காரங்கன்னு சண்டை போட்டோமே, வெக்கமா இருக்கு.

அவ என்கிட்டக் கேட்டது பள்ளிக்கூடத்துல சேர்த்து விடுங்கன்னு இல்ல. இருந்தாலும் இதை அவ கேட்டதா எடுத்துக்கலாமா? நீ வேண்டாம்னா இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கனவுல வந்து சொல்லு. வந்தாலும் நான் கேட்கப் போறதில்ல. அடுத்த வாரம் அவளைக் கூட்டிக்கிட்டுப் போறேன். வயசுக்கு ஏழாம் வகுப்பு, என் வகுப்பு. செருப்புப் போட்டுக்க மாட்டேங்கிறா, அந்தச் சண்டையை அண்ணி பார்த்துக்குவாங்க.

உனக்கு ஒரு வாக்குக் கொடுத்துட்டு அதை வளைச்சுட்டேன். அதனால இன்னொண்ணு கொடுக்கிறேன், இதை வளைக்க மாட்டேன். என் வகுப்புல உன் மக எந்திரிச்சு நின்னா, அவ கூடவே வேற எந்தப் புள்ள எந்திரிச்சாலும், கேட்டு முடிக்கிற வரைக்கும் நானும் நின்னுக்கிட்டே இருப்பேன். அவங்களா உக்காந்த பிறகுதான் நான் உக்காருவேன்.

உன் கூடப்பிறந்தவ,
தும்பையோட அத்தை,
உன் பாப்பா.